சாட்சிக்கு வந்த கூனிமலை

கூனிமலை தன் முதுகில் இருந்த நாற்பத்திரண்டு வீடுகளோடும், தேயிலையோடும், ஒரு மாரியம்மன் கோவிலோடும், ஊற்றிலிருந்து விழும் இரண்டு பீலித் தண்ணீரோடும் டவுனுக்கு நடந்து போனது ஒரு வியாழக்கிழமை. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் பிரஜாவுரிமைக் கந்தோருக்கு எழுதிக் கேட்கட்டும். பதில் வர ஏழு வருஷம் ஆகும், அதுவும் கடிதத்தில் ஓரம் சரியாக விட்டிருந்தால். அன்றைக்குக் கொழுந்து நல்ல நிறை நின்றது என்பதுதான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு நேரே இருக்கிற ஒரே குறிப்பு. மலை நடந்ததை அவர் எழுதவில்லை. எழுதுவதற்குப் புத்தகத்தில் இடம் விடவில்லை என்றார்.

மலையைச் சாட்சிக்குக் கூப்பிட்டவள் காத்தாயி. மேட்டு லயத்து வரிசையில் ஏழாவது காம்பரா அறையில் புருஷன் மருதையோடு இருந்தவள், இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். அவளுடைய பூட்டன் காடு வெட்ட வந்த காலத்தில் அந்த மலைக்குப் பெயர் கிடையாது. முன்பக்கம் குனிந்து நிற்கிறதே என்று அவரோடு வந்தவர்கள்தான் கூனிமலை என்று பேர் வைத்தார்கள். அப்புறம் வந்த வெள்ளைக்காரத் துரை, ஸ்கொட்லாந்தில் இருந்த தன் சொந்தக் கிராமத்தின் பெயரைப் பெரிய பலகையில் எழுதித் தோட்டத்து வாசலில் அடித்தார். அவரைப் பார்த்து யாரும், உமக்கு எந்த ஊர்மேல் பற்று, திரும்பிப் போகிற எண்ணம் உண்டா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கெடாமல் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, பூட்டனின் கொள்ளுப்பேத்தியிடம் கேட்டார்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. வந்த கையோடு பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, இந்த மலையெல்லாம் பச்சையானது உண்மைதான், அந்தப் பச்சையை விற்ற பணத்தில்தான் நாம் உட்கார்ந்திருக்கிற நாற்காலி வாங்கியதும் உண்மைதான், ஆனால் பச்சையாக்கின ஆட்கள் யாரென்று நமக்குத் தெரியவில்லையே என்று ரொம்ப நேரம் கவலைப்பட்டு, தெரியாத ஆட்களைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். ஒரே இடத்தில் இடைவிடாமல் வசித்ததை நிரூபித்தால் பிரஜை. நிரூபிக்காவிட்டால் ரயிலேறி, கப்பலேறி, பூட்டன்மார் புறப்பட்டு வந்த அக்கரைக்குப் போய்விட வேண்டும். பிறந்ததைப் பதிந்திருந்தால் பத்திரம் இருக்கும். லயத்தில் பிறந்ததை யார் பதிந்தார்கள், தோட்டத்துப் பதிவேட்டைக் கறையான் தின்று முப்பது வருஷம் ஆகிறது. கறையானிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை.

காத்தாயிக்கு அக்கரையில் ஒரு குருவியைக்கூடத் தெரியாது. இக்கரையில் அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தது. பூவாயி என்று பேர், பதினொரு மாதத்தில் காய்ச்சலில் போனவள், கூனிமலையிலேயே மூன்றாம் நம்பர்த் தேயிலைப் பகுதியில் ஒரு கல்யாண முருங்கை மரத்தடியில் கிடந்தாள். நிரை பிடித்துப் பறித்துக்கொண்டு போகும்போது அந்த மரம் வந்தால் காத்தாயியின் கை கொஞ்சம் மெதுவாகும். சுப்பராயக் கங்காணி அதைக் கண்டும் காணாததுமாகத் திரும்பிக்கொள்வார். அந்தப் பிள்ளையை மழையிலும் பனியிலும் தனியே விட்டுவிட்டுக் கப்பலேறுவதில்லை. காத்தாயிக்கு இருந்த அரசியல் அவ்வளவுதான்.

ஏழு வருஷத்தில் பதினொரு தடவை அவள் ஏழு மைல் நடந்து கந்தோருக்குப் போனாள். விசாரணை அதிகாரி அபேநாயக்க மேசைக்குப் பின்னால் இருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அருளம்பலம் இருப்பார். அருளம்பலத்துக்குத் தமிழ் தெரியும், ஆனால் தோட்டத்துத் தமிழைக் காதில் வாங்கினால் காது தேய்ந்துவிடும் என்கிற மாதிரி முகத்தை வைத்திருப்பார். காத்தாயி கால் மணி நேரம் பேசினால் அவர் அதை இரண்டு சொல்லாக்கி அதிகாரியிடம் கொடுப்பார்; அதிகாரி அதை ஒரு சொல்லாக்கி எழுதுவார்; அந்த ஒரு சொல் எப்போதும் 'இல்லை' என்பதுதான். ஒரு தடவை கலியாணச் சான்று கேட்டார்கள். கொண்டுபோனால், கலியாணம் நடந்தது நிஜம், நீ இருந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். ஒரு தடவை மருதை வரவில்லையே என்றார்கள். மருதையையும் கூட்டிப் போனால், இரண்டு பேரும் இங்கே வந்துவிட்டீர்களே, அப்போது வீட்டில் வசிப்பது யார் என்று கேட்டார்கள்.

கடைசியில் கந்தோரிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் தகுந்த சாட்சியோடு நிரூபிக்க வேண்டும், தவறினால் அன்றைக்கே கப்பல் ரயிலில் ஏற வேண்டும், மேட்டு லயத்தார் அத்தனை பேரும். காத்தாயி பன்னிரண்டாம் தடவையாகப் போனாள்.

"சாட்சிகள் இந்நாட்டவராக இருத்தல் வேண்டும்," என்றார் அருளம்பலம். "நிலபுலன் உடையவராக இருத்தல் வேண்டும். உன்னைப் பிறந்த நாள் முதலாகப் பார்த்து வருபவராகவும் இருத்தல் வேண்டும்."

"நெலம் வச்சிருக்கிற யாருங்க ஐயா என்னையப் பொறந்ததுலருந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க?" என்றாள் காத்தாயி. "தொரைமாரு மூணு வருசத்துக்கு ஒருத்தரா மாறிப் போறாங்க. எங்க லயத்துல ஒருத்தருக்கும் ஒரு மொளகாச் செடி வைக்கிற நெலங்கூடச் சொந்தமில்ல. பொறந்ததுலருந்து என்னையப் பாத்துக்கிட்டு இருக்கிறது அந்தக் கூனிமல ஒன்னுதான். நெலம் உள்ளவங்க என்னத்துக்கு, நெலத்தையே கூட்டியாறேன், போதுமா?"

அன்றைக்கு அருளம்பலத்துக்கு என்ன தோன்றியதோ, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அபேநாயக்க சிரித்தார். அவர் சிரித்ததை அந்தக் கந்தோரில் யாரும் முன்னே பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "கூட்டி வரச் சொல்லும், வியாழக்கிழமை காலை ஒன்பது மணி," என்று சொல்லி, அந்தச் சிரிப்பின் வேகத்திலேயே படிவத்தில் 'சாட்சி: மலை' என்று எழுதி முத்திரையும் குத்தினார்.

முத்திரை குத்தின தாளைக் காத்தாயி லயத்துக்குக் கொண்டுவந்து காட்டினபோது யாரும் சிரிக்கவில்லை. அரசாங்கம் அழைப்பாணை கொடுத்திருக்கிறது; மலை போக வேண்டியதுதான். எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் பேச்சாக இருந்தது. சாமிக்குச் சொல்லிப் பூசை போடலாம் என்றார்கள் சிலர். சாமியே மலைமேல்தான் குந்தியிருக்கு, அது எங்கே தனியாக வரும் என்றாள் ஒருத்தி. தப்படிக்கிற சடையன் தன் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டே, "கலியாண அடி அடிச்சா ஆட ஆரம்பிச்சிரும், நம்ம பாத்திரம் பண்டம் ஒன்னு மிஞ்சாது," என்றான். "சாவு அடி அடிச்சா படுத்துக்கிரும்."

"பெரட்டு அடி அடிங்கண்ணே," என்றாள் காத்தாயி. "அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சுத்தான் அதுக்குப் பழக்கம்."

அவள் சொன்னது நியாயமாக இருந்தது. விடியும் முன்னே தப்படித்து ஆட்களை எழுப்பி, களத்தில் நிற்க வைத்து, பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. நூறு வருஷத்துக்கு மேலாக, மழை நாளும் தவறாமல், அந்த அடியைக் கேட்டுத்தான் அந்த மலையில் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள், ஆண்கள் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினார்கள், பிள்ளைகள் அழுதன, கோழிகள்கூட அந்த அடிக்குப் பிறகுதான் கூவின. காய்ச்சலாகக் கிடந்தவனும் அந்த அடிக்கு எழுந்து நின்றான்; நிற்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலைதான் புத்தகத்தில் விழும். இத்தனை பேரை எழுப்பின சத்தம் மலையை எழுப்பாதா?

வியாழக்கிழமை விடிகிற நேரம் சடையன் பெரட்டு அடித்தான். எல்லாரும் வழக்கம்போல மலையடிவாரக் களத்துக்கு இறங்கி வந்து நின்றார்கள். சுப்பராயக் கங்காணி தாளை விரித்துப் பேர் கூப்பிட்டார். மருதை, வந்தேங்க. காத்தாயி, வந்தேங்க. நாற்பத்திரண்டு வீட்டுப் பேரும் முடிந்த பிறகு கடைசியாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கூனிமல," என்றார்.

மலை எழுந்தது. ஆரவாரமாக ஒன்றும் எழவில்லை. முழங்காலில் கையை ஊன்றி ஒரு பெண்பிள்ளை எழுவதுபோல, முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம், முதுகு மட்டும் நிமிரவில்லை. கூரைத் தகரங்கள் கொஞ்சம் சலசலத்தன. அடுப்பில் இருந்த சாயத் தண்ணீர் ஒரு வீட்டில் கொட்டிப்போனது. அந்த வீட்டுக்காரி பிறகு ஏறிப்போய், திட்டிக்கொண்டே மறுபடி உலை வைத்தாள். சடையன் முன்னால் நடந்து பெரட்டு அடித்துக்கொண்டே போக, எல்லாரும் ஓடிப் போய் மலைமேல் ஏறிக்கொண்டார்கள். மலை எப்படி நடந்தது என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மெதுவாக நடந்தது.

முதல் வளைவில் ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தி, தெருவில் போனால் இடது பக்கமாகப் போக வேண்டும் என்றார். மலை இடது பக்கம் ஒதுங்கிப் போனது. ரயில் கேட்டை மூடிவிட்டார்கள். சரக்கு ரயில் போகிறவரை மலை பத்து நிமிஷம் நின்றது, கேட் காவல்காரர் தன் புத்தகத்தில் 'தாமதம்: மலை' என்று எழுதி நேரத்தையும் குறித்துக்கொண்டார். வழியெல்லாம் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டே வந்தார்கள், பறிக்காவிட்டால் முற்றிப்போய்விடுமே. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கூனிமலை கந்தோர் வாசலில் வந்து, வரிசையில் பதினாறாவதாக நின்றது. அதற்கு முன்னால் நின்ற பதினைந்து பேரில் ஒருத்தர்கூட இடம் விட்டுக் கொடுக்கவில்லை.

முறை வந்தபோது உச்சி நேரம். அபேநாயக்க அழைப்பாணையைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அதிகாரிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: தங்கள் முத்திரை விழுந்த எதைக் கண்டும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

"பெயர், வயது, தகப்பன் பெயர் கேளும்," என்றார்.

அருளம்பலம் கேட்டார், பாவம், சுத்தமான தமிழில். மலை குனிந்து, தன் நெற்றியை ஜன்னல் கட்டைமேல் வைத்தது. வைத்ததும் மண் மெல்லச் சரிந்து மேசைமேல் வர ஆரம்பித்தது. முதலில் ஒரு கோடாலித் தலை, பூட்டன் காடு வெட்டியது. அப்புறம் ஒரு தகர டிக்கட்டு, கப்பலில் வந்தவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தது. கரி பிடித்த மூன்று அடுப்புக் கற்கள், காத்தாயியின் ஆத்தா பிரசவத்துக்கு வெந்நீர் வைத்தவை. அப்புறம், சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிந்த பால் பற்கள், ஒன்றன்பின் ஒன்றாக, இருபது. உடைந்த கண்ணாடி வளையல், மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு, பீங்கான் துண்டு, கவ்வாத்துக் கத்தி, ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று, ஒரு வருஷம்கூட விடுபடாமல். கடைசியாக ஒரு சின்ன வெள்ளித் தண்டை வந்து மேசை விளிம்பில் நின்றது.

காத்தாயி குனிந்து பார்த்தாள். பூவாயியின் காலில் போட்டு அனுப்பினது அது. பத்தொன்பது வருஷம் அவள் அதை நினைக்காத நாளில்லை. கண்ணால் பார்ப்போம் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. அழக்கூடாது என்று வந்தவள் வாய்விட்டு அழுதாள். மருதை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதான். அருளம்பலம் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அபேநாயக்க தண்டையைப் பென்சில் முனையால் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளிதானா? ரசீது உண்டா?" என்று கேட்கச் சொன்னார். இருபது பல்லையும் எண்ணினார். மேசையில் இருந்த எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, தகர டிக்கட்டை மட்டும் எடுத்து உறையில் போட்டு ஒட்டினார். தீர்ப்பு மூன்று வாரத்தில் வரும், அதுவரை சாட்சி அங்கேயே இருக்க வேண்டும் என்றார்.

அந்த மூன்று வாரத்தில் டவுனுக்கு மலை பழகிப்போனது. முதல் நாள் வாயைப் பிளந்தவர்கள் இரண்டாம் நாள் குறை சொன்னார்கள். கருவாட்டுக் கடைக்காரர் வெயில் வரவில்லை என்று மனுக் கொடுத்தார். சாராயத் தவறணைக்காரர் நிழல் நன்றாக இருக்கிறது என்று மனுக் கொடுத்தார். நகரசபை இரண்டு மனுவையும் ஒரே கோப்பில் போட்டுக் கட்டியது. பத்தாம் நாள், 'மலைக்குப் பக்கத்துக் கடை' என்று விலாசம் சொல்ல ஆரம்பித்தார்கள். தோட்டத்துத் துரை ஜீப்பில் வந்து மலையைப் பார்த்து அரை மணி நேரம் இங்கிலீஷில் கத்தினார், மலை அசையாதது கண்டு, பஸ் நிலையத்தையே பெரட்டுக் களமாக்கச் சொல்லிவிட்டுப் போனார். மலை இருந்த இடத்தில் மழைத் தண்ணீர் நிறைந்து கொக்கு வந்து இறங்கியது. அங்கே மீன் வளர்க்கலாமா என்று அவர் யோசிப்பதாகக் கேள்வி. லயத்தாருக்கு மட்டும் கொஞ்சம் சுகமாக இருந்தது. மருதை மூன்று படம் பார்த்தான். கொழுந்து லொறியில் குலுங்கி ஆஸ்பத்திரிக்குப் போகாமல், நடந்துபோய்க் கட்டிலில் படுத்துப் பிள்ளை பெற்றவர்கள் அந்த மூன்று வாரத்தில் நாலு பேர். அவர்கள் வாழ்நாளிலேயே அரசாங்கம் செய்த உபகாரம் அது ஒன்றுதான், அதுவும் அரசாங்கத்துக்குத் தெரியாமல்.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை தீர்ப்பு வந்தது. அருளம்பலம் வாசலில் நின்று வாசித்தார்.

மனுதாரர் விசாரணை நாளன்று தம் பதிவு செய்த வசிப்பிடத்திலிருந்து ஏழு மைல் தூரத்தில், அந்த வசிப்பிடம் சகிதம், காணப்பட்டார். ஆகவே வசிப்பு இடைமுறிந்தது. தவிரவும், சாட்சி மனுதாரரை நாற்பது வருடங்களாக முதுகில் சுமந்து வந்திருப்பதால் அது பக்கச்சார்புள்ள சாட்சி. தவிரவும், சாட்சியே சமர்ப்பித்த தகர டிக்கட்டின் மூலம் மனுதாரரின் முன்னோர் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பது ஐயமற நிரூபணமாகிறது. மலையைப் பொறுத்தமட்டில் ஆட்சேபணை ஏதுமில்லை. மலை இந்நாட்டின் சொத்து. மேலே உள்ளவர்கள் இருபதாம் தேதி இறங்கி ரயிலேற வேண்டியது.

"அப்ப மல இந்த நாட்டுது," என்றாள் காத்தாயி.

"ஓம்," என்று தலையசைத்தார் அருளம்பலம்.

"மலையில மொளைச்ச தேயில?"

"அதுவும் இந்நாட்டினதே."

"அந்தத் தேயிலைக்கு எருவாக் கெடக்குதே எம்புள்ள, அது எந்த நாட்டுதுங்க ஐயா?"

அருளம்பலம் தாளை மடித்தார். அந்தக் கேள்வியை அவர் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கந்தோர் பூட்டியிருந்தது, காவல்காரர் எதிர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காத்தாயி மூன்றாம் நம்பருக்கு ஏறிப்போய்க் கல்யாண முருங்கை மரத்தடியில், அன்றைக்கு மேசையிலிருந்து எடுத்து மடியில் முடிந்து வைத்திருந்த தண்டையைத் திரும்பப் புதைத்தாள். மண்ணை மூடிவிட்டுக் கையை அங்கேயே வைத்திருந்தபோது கைக்குக் கீழே ஒரு நடுக்கம் தெரிந்தது. மூன்று வாரமாக மலை நின்றுகொண்டே இருக்கிறது. யாரும் அதை உட்காரச் சொல்லவில்லை. அந்த வாசலில் நிற்கிறவர்களை உட்காரச் சொல்லும் வழக்கம் கந்தோருக்குக் கிடையாது. காத்தாயிக்கு நெஞ்சு கொதித்தது. தனக்காக வந்து இப்படிக் கால் கடுக்க நின்ற ஒரே உயிர் அது என்று நினைத்தாள்.

"நின்னது போதும் ஆத்தா," என்றாள். "இப்பிடியே குந்து."

கூனிமலை உட்கார்ந்தது. கந்தோர்மேல் உட்கார்ந்தது, கந்தோருக்கு அடுத்த பதிவறைமேல் உட்கார்ந்தது, முந்தானை விரிந்த மாதிரி பின்பக்கம் பரவி ரயில் பாதைமேலும் உட்கார்ந்தது. ஒரு பூனைகூடச் சாகவில்லை. லயத்தில் பாத்திரங்கள் ஒரு தடவை குலுங்கி அடங்கின. மறுநாள் இருபதாம் தேதி, கப்பல் ரயில் வந்து மலையடியில் முட்டாமல் நின்று, மணி அடித்துப் பார்த்துவிட்டு, பின்னோக்கியே போனது. கேட் காவல்காரர் 'தாமதம்: மலை' என்று எழுதினார். அந்த வரியை அவர் ஓய்வுபெறும்வரை தினமும் எழுத வேண்டியிருந்தது.

எழுப்பிப் பார்த்தார்கள். பொலிஸ் பாண்டு வாத்தியக்காரர்களைக் கொண்டுவந்து பெரட்டு அடிக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு அந்த அடி கை வரவில்லை. சடையனைக் கேட்டார்கள். அவன் தப்பு நனைந்துபோய்விட்டது என்றான். அன்றைக்கு மழையே இல்லை.

அப்புறம்தான் டவுன்காரர்களுக்கு விஷயம் புரிந்தது. பதிவறை மலைக்கு அடியில். பிறந்த பதிவு, இறந்த பதிவு, கலியாணம், காணி உறுதி, அப்பன் பேர், பாட்டன் பேர், அந்த டவுனில் யார் யாருக்கு என்ன என்பதெல்லாம் மலைக்கு அடியில். தலைநகரிலிருந்து ஒரு புது அதிகாரி வந்தார். அவருடைய பத்திரங்கள் தலைநகரில் பத்திரமாக இருந்தன. தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்து, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அறிவித்தார். அப்பனும் பாட்டனும் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் இடைவிடாமல் வசித்ததற்குச் சாட்சி வேண்டும். சாட்சி பிரஜையாக இருக்க வேண்டும். டவுனில் ஒருத்தரிடமும் பத்திரம் இல்லாததால் ஒருத்தரும் பிரஜை இல்லை. பிரஜை இல்லாததால் ஒருத்தருக்கும் சாட்சி இல்லை. ஏழு தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்று கருவாட்டுக் கடைக்காரர் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் புது அதிகாரி.

வரிசை பஸ் நிலையத்தைச் சுற்றி வந்தது. டவுன்காரர்களுக்கு நிற்கவே தெரியவில்லை. முதல் நாளே மயங்கி விழுந்தார்கள், முந்தப் பார்த்துச் சண்டை போட்டார்கள், எங்களுக்குமா இந்தக் கதி என்று புலம்பினார்கள். லயத்தார் மலைச் சரிவில் கொழுந்து பறித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஒரு நாள் சேவகன் ஒருவன் சரிவில் ஏறிவந்து காத்தாயியைக் கூப்பிட்டான். விசாரணை, சாட்சி சொல்ல வேண்டும் என்றான். கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே அவள் இறங்கிப் போனாள். தகரக் கொட்டகையில் மேசைக்கு இந்தப் பக்கம், நின்றுகொண்டு, அபேநாயக்க இருந்தார். சவரம் செய்யாத முகம். அவருடைய பெண்சாதி, மச்சான், பக்கத்து வீட்டார் எல்லாரும் பக்கச்சார்புள்ள சாட்சிகள் என்று தள்ளுபடியாகிவிட்டிருந்தார்கள். அந்தச் சட்ட நுணுக்கத்தை முதலில் எழுதியவரே அவர்தான்.

"இவரை உமக்குத் தெரியுமா?" என்று புது அதிகாரி கேட்டார்.

"நல்லாத் தெரியுமுங்க," என்றாள் காத்தாயி. "ஏழு வருசமாப் பாக்கிறேன். மொதல்ல பாத்தது ஒரு ஆடி வெள்ளிக்கெழம, நீலச் சட்ட போட்டிருந்தாரு. நாளைக்கு வான்னாரு. ரெண்டாவது தடவ மார்கழி, இருமல், கழுத்துல துணி சுத்தியிருந்தாரு. கலியாணத் துண்டு கொண்டான்னாரு. மூணாவது தடவ மூணு மணி நேரம் வெளிய நிக்க வச்சாரு, உள்ள தூங்கிக்கிட்டு இருந்தாரு, ஜன்னல் வழியாப் பாத்தேன். ஒரு நாளும் அந்த நாக்காலிய விட்டு எந்திரிச்சதில்லீங்க. இடைவிடாமத்தான் இருந்தாரு, சத்தியம்."

அவள் பன்னிரண்டு தடவையையும் தேதியோடு சொன்னாள். அபேநாயக்கவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. புது அதிகாரி ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு, "மிக நல்ல சாட்சி," என்றார். பேனாவை மறுபடி மையில் தொட்டார். "நீர் இந்நாட்டுப் பிரஜைதானே?"

"இல்லீங்க."

"இல்லையா? யார் சொன்னது?"

"இந்த ஐயாதான் சொன்னாரு."

புது அதிகாரி எழுதினதையெல்லாம் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். அப்போதுதான் அபேநாயக்க மேசையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது ஊருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் நல்ல தமிழ்.

"இவ இங்கதான் பொறந்தா! இவ ஆத்தாளும் இங்கதான் பொறந்தா! எனக்கு நல்லாத் தெரியும்! அடுப்புக் கல்லப் பாத்தேன், பல்ல நானே எண்ணினேன், இருபது பல்லு! அந்தக் கொழந்தையோட தண்டையப் பாத்தேன்! இவள விட இந்த மண்ணுக்குச் சொந்தக்காரி யாரு இருக்கா? மலையே வந்து சொல்லிச்சே!"

ஏழு வருஷம், பன்னிரண்டு தடவை, எண்பத்துநாலு மைல் போக, எண்பத்துநாலு மைல் வர நடந்து அவள் கேட்டது இந்த வார்த்தையைத்தான். கேட்டதும் சந்தோஷம் வரும் என்று காத்தாயி நினைத்திருந்தாள். வரவில்லை.

புது அதிகாரி நிமிர்ந்து அபேநாயக்கவைப் பார்த்தார்.

"இதைச் சொல்வதற்கு நீர் யார்? உம்மிடம் பத்திரம் இருக்கிறதா?"

அபேநாயக்க சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"சாட்சி பிரஜை அல்ல," என்று அதிகாரி எழுதினார், அவருடைய படிவத்திலும் காத்தாயியின் படிவத்திலும். "அடுத்த ஆள்."

வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்லி அவரைத் தள்ளினார்கள். அவருக்கு முன்னால் அருளம்பலம் நின்றுகொண்டிருந்தார். காத்தாயி கூடையைச் சரிசெய்துகொண்டு மலை ஏறப் போனவள், அவர்கள் பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் நின்றாள்.

"அடுத்த தடவ வரயில சோறு கட்டிக்கிட்டு வந்துருங்க ஐயா," என்றாள். "இங்க நேரமாகும்."